வளை தோண்டும் ஆமைக்குப் பட்டி அமைத்தல்: பெங்களூரு மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

சுல்காட்டா ஆமைக்குப் பட்டி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். வளையில் தொடங்குங்கள் என்பேன் நான். செனகல் முதல் சூடான் வரை நீளும் சாஹேல் வறள்நிலத்தைச் சேர்ந்த இனம் இது. அங்கே நடுப்பகல் வெயிலிலிருந்தும் மாதக்கணக்கான வறட்சியிலிருந்தும் அதன் உடல் ஈரத்தைக் காப்பது வளைதான். எனவே தோண்டுவதை அதனிடமிருந்து பிடுங்க முடியாது. இடம் தராவிட்டால் மதில் ஓரத்திலும் படிக்கட்டின் அடியிலும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் பக்கவாட்டிலும் தோண்டும். அது எங்கே தோண்டலாம் என்பதை நாமே முதலில் முடிவு செய்து, மற்ற எல்லா இடங்களையும்விட அந்த இடம் அதற்குப் பிடிக்கும்படி செய்ய வேண்டும்.

ராமமூர்த்தி நகரில் என் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பட்டியும், நண்பர்களின் வீடுகளில் நான்கும் கட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி, சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்ததால் வந்தவை.

1. முதலில் காகிதம், பிறகு கடப்பாரை

சுல்காட்டா, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ள அயல்நாட்டு இனம். 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2024இல் வந்த விதிகளும், இத்தகைய விலங்கை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கும் முன்பே விற்பவரின் பதிவைக் கேட்டுப் பாருங்கள். பதிவில்லாத ஆமைக்குச் சுவர் கட்டி என்ன பயன்?

நட்சத்திர ஆமை நம் நாட்டு இனம். சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த வழிகாட்டி அதற்கானது இல்லை.

2. எவ்வளவு இடம் வேண்டும்

கடையில் பார்க்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டி, வளர்ந்தால் 35 முதல் 50 கிலோ வரை வரும். அதைத் தாண்டும் ஆண் ஆமைகளும் உண்டு. எழுபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. எனவே இன்றைய அளவுக்குப் பட்டி போடாதீர்கள்.

வளர்ந்த ஒரு சுல்காட்டாவுக்கு முப்பதுக்கு முப்பது அடியாவது வேண்டும் என்பது என் கருத்து. முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டியபின் மிஞ்சும் சந்து இதற்குப் போதாது. அந்தச் சந்தில் வளர்க்கத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஆமையை யாரிடம் கொடுப்பது என்று அலைந்தார்கள். இடம் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஓரடி நீளத்துக்குக் குறைந்த இளம் ஆமைக்கு, பெரிய பட்டிக்குள்ளேயே ஒரு மூலையைத் தற்காலிகமாக அடைத்து, மேலே கம்பி வலை போட்டுக்கொள்ளலாம். காக்கையும் கரும்பருந்தும் குட்டி ஆமையைத் தூக்கிவிடும். பெருச்சாளி காலைக் கடிக்கும்.

3. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது

வீட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு பின்புறத்தில் ஒருமுறை நடங்கள். சம்ப், பாதாளச் சாக்கடைத் தொட்டி, காவிரிக் குழாய், மோட்டார் வயர், மழைநீர் சேகரிப்புக் குழி ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடுங்கள்.

இவற்றில் பலரும் மறப்பது மழைநீர்க் குழியைத்தான். ஜல்லியும் மணலும் நிரப்பிய இடம் இளகலாக இருக்கும். ஆமை அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேறெங்கும் தோண்டாது. சம்ப்பின் ஓரத்து மண்ணும் அப்படித்தான். வீடு கட்டியபோது வெட்டி நிரப்பிய மண் பல ஆண்டுகளுக்கு இறுகுவதில்லை. இவை எல்லாம் பட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். குறைந்தது ஐந்தடி இடைவெளி விடுங்கள்.

கரையான் மருந்து அடித்த இடத்தையும் விசாரித்துக் குறியுங்கள். அஸ்திவாரத்தைச் சுற்றி அடித்த அந்த மண்ணைத்தான் ஆமை கிளறும்; அதில் முளைக்கும் புல்லைத்தான் தின்னும்.

4. ஒரு மழைக்குக் காத்திருங்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்வேன். ஒரு நல்ல மழை பெய்யும்வரை தோண்ட ஆரம்பிக்காதீர்கள். மழையின்போது குடையோடு வெளியே போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். பக்கத்து மனையின் கூரைத் தண்ணீர் உங்கள் மதிலுக்கு அடியில் புகுந்து வருவதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

கோடையில் கட்டுபவர்கள் குழாயை அரைமணி நேரம் திறந்துவிட்டுப் பார்க்கலாம். மழைக்கு அது ஈடாகாது. ஆனால் சரிவு தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சாஹேலில் ஆமையைக் காப்பாற்றும் அதே வளை, பெங்களூருவின் செப்டம்பர், அக்டோபர் மழையில் அதற்குப் புதைகுழியாகிவிடும். என் முதல் பட்டியில் ஆமை தானாகத் தோண்டிய நாலடி வளையில் ஓர் இரவு தண்ணீர் இறங்கி, வாய்ப்பகுதிச் செம்மண் சரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேர் கையால் மண்ணை அள்ளி அதை வெளியே எடுத்தோம். உயிரோடு இருந்தது. சளி பிடித்து ஒரு மாதம் மருத்துவரிடம் அலைந்தோம். அன்றிலிருந்து சமதரையில் வளை தோண்ட நான் எந்த ஆமையையும் விட்டதில்லை.

5. வாங்கி வைக்க வேண்டியவை

ஆறு அங்குல சாலிட் பிளாக், சிமெண்ட், எம்-சாண்ட், ஜல்லி, நல்ல செம்மண், இரண்டங்குல பிவிசி குழாய். இவற்றோடு கன்னடத்தில் சப்படிக் கல் என்று சொல்லும் கிரானைட் பலகைகள். சாக்கடை மூடவும் தோட்டத்து வேலியாக நட்டுவைக்கவும் இந்த ஊரில் காலங்காலமாகப் பயன்படுவது அதுதான். பழைய வீடு இடிக்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும். தாழ்ப்பாள், கீல், பூட்டு ஆகியவற்றை எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

கோழி வலை வாங்காதீர்கள். பத்துக் கிலோ ஆமை அதைத் துணிபோலத் தள்ளிக்கொண்டு போகும். வெல்டு மெஷ் உறுதியானது. ஆனால் தரைக்கடியில் விரிக்க ஏற்றதில்லை. தோண்டும்போது நகம் கண்ணியில் மாட்டிப் பெயர்ந்துவிடும்.

6. சுவர்

பட்டியின் எல்லை முழுவதும் ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுங்கள். அடியில் நான்கங்குலம் கான்கிரீட். அதன்மேல் பிளாக் வைத்து, தரைக்கு மேலே இரண்டடி உயரும்வரை கட்டுங்கள். எட்டடிக்கு ஒரு தூண் வேண்டும், ஏனென்றால் வளர்ந்த ஆமை ஓட்டை முட்டுக்கொடுத்துத் தள்ளும் விசை ஒற்றைவரிசைச் சுவரை அசைத்துவிடும்.

என் வீட்டில் வேலை பார்த்த திருப்பத்தூர்க்கார மேஸ்திரி, “சார், ஆமைக்கு எதற்கு இரண்டடி அஸ்திவாரம்? ஒன்பது அங்குலம் போதும்” என்றார். “அண்ணா, இது மதில் இல்லை, தொட்டி என்று நினைத்துக் கட்டுங்கள்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உங்கள் கொத்தனாரிடமும் இப்படியே சொல்லிப்பாருங்கள்.

சுவர் மறைப்பாக இருக்க வேண்டும். கம்பி வேலியின் வழியே மறுபக்கம் தெரிந்தால், ஆமை அங்கே வழி இருப்பதாக நினைத்து நாள் முழுவதும் முட்டிக்கொண்டே நடக்கும். மூக்கும் முன்கால்களும் தேய்ந்துபோகும். கண்ணுக்கு எதிரே வெறும் சுவர் இருந்தால் சில நாளில் திரும்பிப் போகப் பழகிவிடும்.

சுவரின் உட்புற ஓரத்தில், தரையிலிருந்து ஆறங்குல ஆழத்தில், ஒன்றரை அடி அகலத்துக்குச் சப்படிக் கல்லைப் படுக்கவைத்து மண் மூடுங்கள். ஆமை சுவரடியில் தோண்டும்போது உடனே கல் தட்டுப்படும். இரண்டு மூன்று முறை முயன்று விட்டுவிடும். கல் இல்லாமல் அஸ்திவாரத்தை மட்டும் நம்பினால், இரண்டடி ஆழம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மூலைகளைச் செங்கோணமாக விடாதீர்கள். மூலையில் இரண்டு பக்கமும் காலூன்றி ஏறும் ஆமை மல்லாந்து விழும். வெயிலில் அப்படியே கிடந்தால் சில மணி நேரத்தில் இறந்துவிடும். ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு கல் பலகையை நட்டு, மூலையை மழுங்கடியுங்கள். கல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை மண்ணால் நிரப்பிவிடுங்கள்.

தண்ணீர் வடிய, சரிவின் கீழ்ப்பக்கச் சுவரில் தரை மட்டத்தில் பிவிசி குழாய்களை வைத்துக் கட்டுங்கள். வெளிப்புற வாயில் கம்பி வலை வைத்தால் எலி வராது.

ஏற்கெனவே இருக்கும் மதிலை ஒரு பக்கச் சுவராகப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொதுமதிலின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. ஆமை அதன் அடியை அரித்தால் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் சாயும். தனியாகக் கட்டுங்கள்.

7. கதவு

கதவு உட்புறமாகத் திறக்க வேண்டும். வெளிப்புறம் தடுக்கும் சட்டம் இருக்க வேண்டும். ஆமை உள்ளேயிருந்து தள்ளத் தள்ளக் கதவு சட்டத்தோடு இறுகும். வெளிப்புறமாகத் திறக்கும் கதவில் முழுப் பாரத்தையும் தாழ்ப்பாள் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும்.

கீழ் இரண்டடி முழுத் தகடாக இருக்கட்டும். கதவுக்கு அடியிலும் சுவர்போலவே இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போடுங்கள். வாசற்படி இல்லாத கதவுதான் ஆமைகள் அதிகம் தப்பிக்கும் வழி. பூட்டு கட்டாயம்: நாய்க்கு மட்டுமல்ல, ஆமையைத் திருடுபவர்களும் உண்டு. ஆமையின் அடிவயிற்று ஓட்டைப் புகைப்படம் எடுத்துப் பதிவுத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். அதன் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி.

8. மேடும் வளையும்

வேலையின் உயிர் இதுதான். பணம் குறைந்தால் வேறு எதையாவது குறையுங்கள்; இதைக் குறைக்காதீர்கள்.

பட்டியின் உயரமான பகுதியில், எல்லாச் சுவரிலிருந்தும் குறைந்தது ஆறடி தள்ளி, பத்துக்கு எட்டடி அளவில் இடம் குறியுங்கள். ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் முதல் மழையிலேயே மேடு அமிழ்ந்து, வளையின் தரை சாய்ந்துவிடும்.

மேட்டின்மேல் சப்படிக் கல்லைத் தரையாகப் பரப்புங்கள். கற்களுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டால் ஈரம் வடியும். அதன்மேல் இரண்டு பக்கமும் பிளாக் சுவர் எழுப்பி ஆறடி நீளப் பாதை; முடிவில் ஓர் அறை. ஆமை முழுதாகத் திரும்ப இடம் வேண்டும் என்பதால், அறையின் அகலம் வளர்ந்த ஆமையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு. மூன்றரை அடிச் சதுரம் வைத்தால் பின்னால் வருந்த வேண்டாம். பாதைக்கு இரண்டரை அடி அகலம். குறுகலாக வைத்தால், ஆமை உள்ளே உப்பி நின்றுகொள்ளும். யாராலும் இழுக்க முடியாது.

உள்ளே முக்காலடி செம்மண் போடுங்கள். அது கிளறும், ஒதுக்கும், தன் உடலுக்கு ஏற்பக் குழிக்கும். தோண்டும் ஆசை இங்கே தீரும். கீழே உள்ள கல் அதை ஆழம் போகவிடாது. தரைக் கல் இல்லாமல் கட்டிய ஒரு வீட்டில், ஆமை அறையின் அடியில் இன்னொரு வளை தோண்டிவிட்டது. மேலே கட்டிய எல்லாம் வீணாயிற்று.

கூரைக்கும் சப்படிக் கல்தான். ஒவ்வொரு கல்லும் இரண்டு பக்கச் சுவர்மீதும் நான்கங்குலமாவது உட்கார வேண்டும். அறைக்கு மேலே உள்ள கல்லை மட்டும் சிமெண்ட் வைத்துப் பூசாதீர்கள். அதை இரண்டு துண்டாக வைத்தால், கடப்பாரை இருந்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். பாதையின் மேல் ஓரடி மண் போட்டு அருகம்புல் நடுங்கள். அறைக்கு மேலே மண்மூட்டைகளை அடுக்குங்கள், அவசரத்தில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். வெப்பத்தைத் தடுக்க மூட்டைகளே போதும்.

இந்த மூடி இல்லாத வளையை நான் வளையாகவே ஏற்க மாட்டேன். நோய் வந்த ஆமை, முட்டையிடத் தவிக்கும் ஆமை, தண்ணீரில் மாட்டிய ஆமை எல்லாம் உள்ளே போய்த்தான் ஒளியும்.

வாய் தென்கிழக்கு நோக்கியிருந்தால் காலை வெயில் நுழையும். தென்மேற்குப் பருவமழையின் சாரல் அடிக்காது. வாய்க்கு மேலே கல் ஒன்றரை அடி நீட்டியிருக்கட்டும். வாசலில் நான்கங்குல வரப்பு வையுங்கள். வரப்புக்கு வெளியே தரையிலிருந்து வாய்வரை மெல்லிய சரிவாக மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். செங்குத்தாக விட்டால் ஆமை ஏறாமல், மேட்டின் பக்கவாட்டில் தானே ஒரு வளை தொடங்கிவிடும்.

9. குளிர் இரவுகளுக்கு ஓர் அறை

சுல்காட்டா குளிர்கால உறக்கம் கொள்ளும் இனம் இல்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் 15 டிகிரியை ஒட்டியும் சில நாள் அதற்குக் கீழும் இறங்குகிறது. சளிக்காய்ச்சலுக்குக் காரணம் குளிரும் ஈரமும் சேர்வதுதான். வறண்ட குளிரை ஓரளவு தாங்கும். நனைந்த குளிரைத் தாங்காது.

கதவுக்கு அருகே நாலுக்கு நாலடியில், இரட்டைப் பலகைச் சுவருடன் ஒரு பெட்டியறை போதும். உள்ளே 26, 27 டிகிரி நிற்கும்படி, தெர்மோஸ்டாட்டுடன் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் வைத்து, அதைச் சுற்றிக் கம்பிச் சட்டம் போடுங்கள். வயர் எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். சிவப்பு விளக்கைத் தொங்கவிடுவது வேண்டாம்; ஓட்டின் உச்சி வெந்துவிடும்.

குட்டிகள் மாலையானதும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

10. தரையைத் துப்புரவாக்குதல்

கட்டட வேலை முடிந்த தரையில் ஆணி, கட்டுக்கம்பித் துணுக்கு, பிளாஸ்டிக் கயிறு எல்லாம் சிதறியிருக்கும். ஆமை பளபளப்பானதையும் வண்ணமானதையும் வாயில் எடுக்கும்; கம்பித் துணுக்கு ஒன்று குடலில் போதும். ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள். முதல் தடவை எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தால், இரண்டாம் தடவையும் இழுப்பீர்கள். சிதறிய ஜல்லியையும் பொறுக்குங்கள்.

அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு, அழகுக்கு வைக்கும் டிஃபன்பேக்கியா இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். அருகம்புல், செம்பருத்தி, முசுக்கொட்டை, சப்பாத்திக்கள்ளி நடலாம். அதன் உணவில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும்.

தண்ணீருக்குத் தரையில் பதித்த அகன்ற மண்தட்டு. ஆமையின் தாடைக்கு மேல் தண்ணீர் உயரக் கூடாது. தினமும் கொட்டி மாற்றுங்கள்; இல்லையென்றால் கொசுப்புழு வரும்.

11. ஆமையை விடுவதற்கு முன் சோதனை

சுவருக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி, அதன்பின் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். பிறகு குழாயை மேட்டின்மேல் அரைமணி நேரம் பிடித்து, மூடியைத் தூக்கி உள்ளே பாருங்கள். மண் நனைந்திருந்தால் எங்கே ஒழுகியது என்று கண்டுபிடித்து அடைத்தபின் மறுபடி சோதியுங்கள்.

கதவை உள்ளேயிருந்து முழங்காலால் தள்ளிப்பாருங்கள். வடிகுழாய்களில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப்பாருங்கள்.

12. முதல் பத்து நாட்கள்

காலையில், வெயில் வந்தபின் விடுங்கள். முதலில் வளையின் வாயருகே வைத்து, உள்ளே கொஞ்சம் புல் போடுங்கள். மாலையில் வேறெங்காவது படுத்திருந்தால் தூக்கி வளையில் விடுங்கள். ஆமைக்கு இட நினைவு வலுவானது. ஒரு வாரம் இப்படிச் செய்தால் தானே போகப் பழகிவிடும்.

காலையும் மாலையும் சுவரோரமாக ஒரு சுற்று நடங்கள். புதிதாகக் கிளறிய மண் தெரிந்தால் அன்றே நிரப்பி, மேலே ஒரு கல் பலகை பதியுங்கள். மண்ணை மட்டும் நிரப்பினால் மறுநாள் அதே இடத்துக்குத்தான் வரும்.

ஆனால் எந்தக் குழியையும் நிரப்பும் முன், ஆமை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு நிரப்புங்கள். இரண்டு ஆமைகள் இருந்தால் இரண்டையும் பாருங்கள். குழி ஆழமில்லை, அதற்குள் இருக்காது என்ற நினைப்பில் ஒரு நண்பர் மண் தள்ளியபோது, அடுத்த மண்வெட்டி மண் போவதற்குள் அவருடைய மகள்தான் ஓட்டின் விளிம்பைப் பார்த்துக் கத்தினாள்.

13. ஆண்டுக்கு இருமுறை

மே கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மூடியைத் தூக்குங்கள். அறை மண்ணை அள்ளிவிட்டுப் புதுச் செம்மண் போடுங்கள். பழையதில் சாணமும் பூச்சிகளும் சேர்ந்திருக்கும். வாசல் வரப்பு ஆமையின் நடையில் தேய்ந்திருக்கும். மறுபடி நான்கங்குலத்துக்கு உயர்த்துங்கள். மேட்டில் பெருச்சாளித் துளை இருந்தால் ஜல்லியும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். வடிகுழாய்களில் குச்சி விட்டுச் சருகை எடுங்கள். சுவரோரத்துச் சப்படிக் கல் எங்காவது மண்ணுக்கு மேலே தலைகாட்டினால், மழை தொடங்கும் முன் அந்த ஓரத்துக்கு மண் போட்டுவிடுங்கள்.

கடப்பாரையையும் டார்ச்சையும் பட்டிக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.